மடிப்புச் சைக்கிளும் ஏழாவது நிமிடமும்

வாசகரே, உங்களை ஒரு சாட்சியாக அழைக்கிறேன். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பாரிஸ் நகரின் பெரிய ரயில் நிலையம் ஒன்றில் நின்று, மேடையில் பழகிய குரலில் நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். சுற்றி நின்றவர்கள் பலர் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. வாக்கைப் பெற்றுக்கொண்டவரோ அதை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்லக்கூடியவர் அல்லர். ஆகவே தமிழ் படிக்கத் தெரிந்த சாட்சி எனக்கு இன்னும் தேவைப்படுகிறது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தெற்கு லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் அக்கா வீட்டின் மேல்மாடி அறையில் இருந்து பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் ஒன்பது வயதில் முதன்முதலாக ஒலிவாங்கியைப் பிடித்தவன் நான். மூச்சை எங்கே எடுப்பது, கையை எப்போது உயர்த்துவது, எந்தச் சொல்லுக்குப் பின் மௌனம் காத்தால் சபை கைதட்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். லண்டனில் எந்தத் தமிழ் மண்டபத்தில் பட்டிமன்றம் நடந்தாலும் என் பெயர் அழைப்பிதழில் இருக்கும். அந்தப் பெருமையை மறைக்க நான் சிறிதும் முயன்றதில்லை.

அக்காவின் கணவரை நான் அத்தான் என்று அழைப்பேன். அவர் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் மூக்குக்கண்ணாடி வில்லைகள் தேய்க்கும் ஒரு பட்டறையில் வேலை செய்தார். காலையில் மடிப்புச் சைக்கிளோடு ரயிலேறி லண்டன் பிரிட்ஜ் நிலையத்தில் இறங்குவார். சைக்கிளை விரித்துத் தேம்ஸைக் கடப்பார். மறுபடி மடித்துக்கொண்டு அடுத்த ரயிலேறுவார். மாலையில் அதே பாதை, எதிர்த்திசையில். வீட்டில் அவர் பேசுவது குறைவு. கேட்டால் ஓம் என்பார். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

அப்படிப்பட்டவர் ஒரு மாலை என் அறைக் கதவைத் தட்டினார். பட்டறையில் மேற்பார்வையாளர் இடம் காலியாகியிருந்தது. மறுநாள் நேர்முகம்.

"தம்பி, உனக்கு உது கைவந்த விசயம்தானே. என்னை ஒரு நாலு கேள்வி கேள் பாப்பம்."

நான் கட்டிலில் சாய்ந்தபடியே முதற் கேள்வியைக் கேட்டேன்: இந்தப் பதவியை உமக்கு ஏன் தரவேண்டும்? அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு ஆங்கிலத்தில் ஒரே வசனம் சொன்னார்.

"ஐ ஆம் ஆல்வேஸ் தெயர்."

நான் எப்போதும் அங்கே இருக்கிறேன். அவ்வளவுதான். நான் திருத்தங்கள் சொன்னேன், அவர் தலையாட்டினார். பதவி அவருக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து லண்டனில் ஒரு பட்டிமன்றம். "மனிதனை உயர்த்துவது சொல்லா, செயலா?" நான் சொல்லின் பக்கம். ஆளுக்கு ஏழு நிமிடம். ஆறாவது நிமிடத்தில் எச்சரிக்கை மணி, ஏழாவதில் இறுதி மணி. ஆறாவது நிமிடத்து மணி அடித்ததும் நான் குறிப்பட்டைகளைக் கீழே வைத்தேன்.

"சபையோரே, எங்கள் வீட்டில் செயலே உருவான ஒருவர் இருக்கிறார். தன் மடிப்புச் சைக்கிளை விரிக்க அவருக்கு இருபது விநாடி போதும். தன் வாயை விரிக்க இருபது வருடமும் போதாது! உமக்கு ஏன் பதவி உயர்வு தரவேண்டும் என்று கேட்டார்கள். மனிதர் சொன்னார்: ஐ ஆம் ஆல்வேஸ் தெயர். அதனால்தான், சபையோரே, இன்றைக்கும் அவர் அங்கேயே இருக்கிறார்!"

அவருடைய குரலிலேயே சொன்னேன். அவர் தோளைக் குறுக்குவதுபோலக் குறுக்கியும் காட்டினேன். மண்டபம் சிரித்த சிரிப்பில் இறுதி மணி எனக்கே கேட்கவில்லை. மூன்றாவது வரிசையில் அத்தான் இருந்தார். மடித்த சைக்கிள் அவருடைய கதிரையின் கீழே இருந்தது. அவரும் கைதட்டினார். பக்கத்தில் அக்கா மடியில் கையை வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சோற்றைப் போட்டுத் தட்டை மேசையில் வைத்தாள்.

"பகிடிதானே அக்கா. மேடையிலை எல்லாரும் வீட்டு ஆக்களைத்தான் பகிடி பண்ணிறவை" என்றேன்.

"அந்தாள் உன்ர அறைக்கு வந்து கேட்டதும் பகிடியோ?"

நான் தட்டை இழுத்துச் சோற்றைப் பிசையத் தொடங்கினேன். இருந்தும் அந்த ஒரு நிமிடத்தின் புகழ் பரவியது. பாரிஸ் தமிழர்கள் லண்டன் அணியை அதே தலைப்பில் மோத அழைத்தபோது, எங்கள் அணித் தலைவர் தொலைபேசியில் சொன்னது ஒன்றே ஒன்று: "அந்த அத்தான் பகிடியை விட்டிடாதை. அதுதான் எங்கட ஆயுதம்."

அத்தான் பல வருடங்களாக ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டு வைத்திருந்தார். ரயிலில் ஏறி, இறங்கி, சைக்கிளை விரித்து, மறுபடி மடித்து, பிரான்ஸின் ஒரு பகுதியைப் பார்த்துவருவது. அதற்காகவே அக்காவுக்கும் ஒரு மடிப்புச் சைக்கிள் வாங்கியிருந்தார். பாரிஸ் அழைப்பு வந்த வாரம் அக்கா தனக்கு லீவு இல்லை என்றாள். இருந்தது என்று பின்னர் அறிந்தேன்.

"என்ர சைக்கிளிலை நீ போ. கூட்டத்துக்கு முந்தி ஐஞ்சு நாள் அந்த மனுசனோடை இரு. பேந்து மேடையிலை ஏறி என்ன கதைக்கிறியோ கதை."

புறப்படுவதற்கு முன்னால் அத்தான் எனக்கு ஒரு சிறிய முதுகுப்பையும் சைக்கிளை மூடும் ஒரு கறுப்பு உறையும் தந்தார். வேட்டி, சால்வை, பளபளக்கும் காலணி, குறிப்பட்டைப் பெட்டி எல்லாவற்றையும் அடுக்கியபின் உறைக்கு இடம் இல்லை. அதை எடுத்துக் கட்டிலின் கீழே தள்ளினேன். அவரிடம் சொல்லவில்லை. பேச்சாளன் ஒருவன் வேட்டியை விட்டுவிட்டு உறையைச் சுமப்பானா என்பதே அன்றைய என் நியாயம்.

நியூஹேவனில் கப்பலேறி, பிரான்ஸின் டியெப்பில் இறங்கினோம். ரயிலில் பாரிஸ், இரண்டு நிலையங்களுக்கு நடுவே நகரத்தைச் சைக்கிளில் கடந்தோம், மறுபடி ரயிலில் ஓர்லியோன். அங்கிருந்து லுவார் நதிக்கரையோடு மேற்கே. சிறிய சில்லுகள் கொண்ட சைக்கிளில் நீண்ட தூரம் ஓட முடியாது என்று நான் எண்ணியிருந்தேன். அத்தானோ அவசரமே இல்லாமல் ஒரே சீராக மிதித்தார். ஒவ்வொரு ஏற்றத்தின் உச்சியிலும் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அருகே வந்ததும், மூச்சு வாங்குகிறதா என்று கேளாமல், போத்தல் தண்ணீரை நீட்டுவார். நதி அகன்று, ஆழமில்லாமல், நடுவில் மணல்திட்டுகளோடு எங்களுடன் வந்தது. பாதையில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவருக்கும் அவர் "பொன்ஜூர்" சொன்னார். தோர்ண்டன் ஹீத்தில் அயலவருக்கே தலையை மட்டும் ஆட்டுபவர்!

ஒரு சிற்றூரில் மழை பிடித்தது. வெதுப்பகம் ஒன்றின் வாசலில் ஒதுங்கினோம். உள்ளே நின்ற அம்மையார் எங்களை உள்ளே வரச் சொன்னார். பள்ளியில் கற்ற பிரெஞ்சில் நான் நன்றியுரை ஒன்றைத் தொடங்கினேன். அத்தானின் கண்கள் அந்த அம்மையாரின் மூக்குக்கண்ணாடியில் இருந்தன. ஒரு பக்கக் கால் தளர்ந்து சரிந்திருந்தது. அத்தான் கையை நீட்டினார், அம்மையாரும் ஏனோ உடனே கழற்றிக் கொடுத்தார். சைக்கிளின் கருவிப் பையிலிருந்து ஊசிபோன்ற ஒரு திருப்புளி வெளியே வந்தது. இரண்டு நிமிடத்தில் கண்ணாடி நேரானது. வில்லைகள் இரண்டும் சேர்ட் நுனியால் துடைக்கப்பட்டன. அம்மையார் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள் சுற்றிப் பார்த்துவிட்டு, உரக்கச் சிரித்து, சுடச்சுட இரண்டு பாண்களைத் தாளில் சுற்றி அத்தான் கையில் வைத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். என் நன்றியுரை அரைவாசியில் நின்றது. அந்தப் பாணில் பெரிய பங்கு எனக்கே கிடைத்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பேச்சுப் பயிற்சியை நான் நாள்தோறும் செய்தேன். மதிய உணவுக்குப் பின் நதிக்கரையில் நின்று, மணல்திட்டிலிருந்த கொக்குகளைச் சபையோரே என்று விளித்து முழங்குவேன். அத்தான் புல்லில் அமர்ந்து தன் கைக்கடிகாரத்தில் நேரம் பார்ப்பார். கடைசி நிமிடத்தை மட்டும் நான் சொல்வதில்லை. அவர் முன்னால் எப்படிச் சொல்வது? ஆறாவது நிமிடத்தோடு "நன்றி, வணக்கம்" என்று முடித்துவிடுவேன்.

முதல் நாள் அவர் கடிகாரத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏழு நிமிசமெண்டு சொன்னாய். ஆறுதான் வருது."

"மேடையிலை கைதட்டு வரும் அத்தான். அதுக்கு ஒரு நிமிசம் விட்டிருக்கிறன்."

"ஓ."

இரண்டாம் நாள் மறுபடியும்: "ஆறு." வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு தங்கிய புளுவா நகரத்து விடுதியில் அவர் தன் பையைத் திறந்தபோது ஒன்றைக் கண்டேன். இரண்டு மட்டைத் தாள்களுக்கு நடுவே, மடிப்புக் கலையாமல், ஒரு வெள்ளைச் சேர்ட். அதை எடுத்து, சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார்.

"உது என்னத்துக்கு அத்தான்?"

"உன்ர கூட்டத்துக்குத்தான். சைக்கிள் உடுப்போடை வந்து முன்னுக்கு இருக்கேலுமே?"

மூன்றாம் நாள் நான் முழங்கவே விரும்பவில்லை. அவர்தான் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆறு நிமிடம் முடிந்து நான் வணக்கம் சொன்னதும், நதியைப் பார்த்தபடி சொன்னார்:

"தம்பி, அந்தக் கடைசி நிமிசத்தையும் சொல்லிப் பழகு. எனக்குத் தெரியும் அது என்னெண்டு. பழகாமல் ஏறினியெண்டால் மேடையிலை தடக்கிப்போடுவாய்."

ஒன்பது வயது முதல் எத்தனையோ நடுவர்களின் தீர்ப்பைக் கேட்டிருக்கிறேன். எந்தத் தீர்ப்பும் என்னை அப்படி நிற்க வைத்ததில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "பேந்து பாப்பம்" என்று முணுமுணுத்துக் குறிப்பட்டைகளை அடுக்கினேன். அவரும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு எழுந்தார். அன்று தூர் நகரம் வரை மிதித்தோம். சொல்வதா, விடுவதா என்ற கேள்வி மட்டும் என் சில்லோடு சுற்றியது. விட்டால் என் பேச்சின் உயிர் போய்விடும். அணித் தலைவர் என்னை விடமாட்டார்.

ஞாயிறு மதியம். நாலு மணிக்குப் பாரிஸில் மேடை. தூர் நகருக்கு அருகேயிருந்த நிலையத்தில் விரைவு ரயில் வந்து நின்றது. ஒரு மணி நேரத்தில் பாரிஸ். அதுவரை நாங்கள் ஏறியவை எல்லாம் மெதுவான ரயில்கள். சைக்கிளை அப்படியே ஏற்றலாம். இதற்கு விதி வேறு. அத்தான் தன் சைக்கிளை மடித்து உறையை மாட்டி, சிப்பை இழுத்தார். வாசலில் நின்ற பெண் அதிகாரி அவரை ஏறச் சொன்னார். என் சைக்கிளைக் கண்டதும் கையை நீட்டித் தடுத்தார். மூடுவதுபோல சைகை செய்தார்.

நான் நிமிர்ந்து நின்றேன். என் பிரெஞ்சு முழுவதையும் திரட்டி, கலைக்கும் மொழிக்கும் பிரான்ஸ் நாடு செய்திருக்கும் தொண்டைப் புகழ்ந்து, அதன் தலைநகருக்கு ஒரு பேச்சாளன் போகவேண்டிய அவசரத்தை விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "மிக நன்று" என்றார். பிறகு சைக்கிளைச் சுட்டிக்காட்டி, மறுபடி மூடுவதுபோல சைகை செய்தார்.

"உறை எங்கை?" என்று உள்ளிருந்து அத்தான் கேட்டார்.

"வீட்டிலை. கட்டிலுக்குக் கீழை."

"என்ன?"

"வேட்டிக்கு இடம் காணேல்லை அத்தான்."

அவர் என்னை ஏசவில்லை. தன் சைக்கிளோடு கீழே இறங்கினார். உறையை உருவி என் சைக்கிளுக்கு மாட்டினார். சிப் இறுகியிருந்தது, முழங்காலில் நின்று இழுத்தார்.

"நீ ஏறு. நான் மெதுவான ரயிலிலை வாறன்."

"அது வந்து சேர ஆறு மணி ஆகும்! கூட்டம் முடிஞ்சிடும்."

"உனக்கு நாலு மணிக்கு மேடை. எனக்கு என்ன? ஏறடா, கதவு பூட்டப்போறாங்கள்."

ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் நேர அட்டவணைக்கு முன் நின்று, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தபடி, அடுத்த ரயிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு மணி நேரத்தில் என் மனம் செய்த வாதத்தையும் மறைக்கமாட்டேன். அவர் சபையில் இருக்கப்போவதில்லை. சொன்னால் யாருக்கு வலிக்கும்? பாரிஸில் அவரை அறிந்தவர் எவரும் இல்லை. வெற்றிக்குப் பின் அவரே மகிழ்வார். ஒவ்வொரு வாதமும் திறமையாக அமைந்தது. ஒவ்வொன்றையும் கறுப்பு உறை போட்ட அக்காவின் சைக்கிள் எதிர் இருக்கைக்குப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் அணியில் நான் கடைசி. மேடையேறுமுன் அணித் தலைவர் என் காதில், "இழுபறியாத்தான் கிடக்கு. ஆயுதத்தை எடு" என்றார். ஆறு நிமிடம் நன்றாகப் பேசினேன். எச்சரிக்கை மணி அடித்தது. பழக்கத்தால் குறிப்பட்டைகளைக் கீழே வைத்தேன். முன்வரிசையில் ஒருவர் சிரிக்கத் தயாராக முன்னால் சாய்ந்தார். ஐ ஆம் என்ற இரண்டு சொற்கள் நாக்கின் நுனிவரை வந்துவிட்டன. அதே குரலில், அதே குறுகிய தோளோடு.

"நன்றி, வணக்கம்" என்று சொல்லி அமர்ந்தேன்.

சபை சற்றுத் தாமதித்துக் கைதட்டியது. தலைவர் என்னைப் பார்க்கவேயில்லை. நடுவர் சிரித்துக்கொண்டே, "லண்டன் தம்பி ஒரு நிமிசத்தைக் கடலுக்கங்கால் விட்டிட்டு வந்திட்டார் போல" என்றார். நேரத்தை முழுதாகப் பயன்படுத்தாததால் சிறந்த பேச்சாளர் விருதைப் பாரிஸ் அணியின் இளம்பெண் ஒருத்திக்குக் கொடுத்தார். அவள் அதற்குத் தகுதியானவள். பட்டிமன்றத்தில் வென்றது எங்கள் அணிதான். என் ஆயுதம் இல்லாமலே வெல்ல முடிந்தது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில நாட்கள் ஆயின. பேசிய எல்லோருக்கும் வழக்கம்போலப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கும் ஒன்று, சிவப்பில் தங்கக்கரையோடு.

ரோல்ஸும் தேநீரும் பரிமாறும் நேரத்தில் அத்தான் வந்தார். ஒரு கையில் மடித்த சைக்கிள். நிலையத்துக் கழிப்பறையில் மாற்றியிருக்க வேண்டும்: அந்த வெள்ளைச் சேர்ட்டைப் போட்டிருந்தார். நகரத்தைக் கடந்துவந்த வேர்வையில் அது முதுகோடு ஒட்டியிருந்தது. சேர்ட்டின் கைப்பகுதியில் மட்டும் மடிப்பு நேராக நின்றது. மேடையில் அப்போது கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அத்தான். வெண்டிட்டம்."

"எத்தினை நிமிசம் வந்தது?"

"ஆறு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சைக்கிளைச் சுவரோரம் சாய்த்தார். ஒரு ரோலை எடுத்து, பாதியாகப் பிய்த்து, பெரிய பாதியை என்னிடம் நீட்டினார்.

"சாப்பிடு. நிண்டு கதைச்சுக் களைச்சிருப்பாய்."

அக்கா எங்களை அனுப்பிய காரணம் எனக்கு அங்கேதான் முழுதாக விளங்கியது. அவளுக்கும், அந்த வெதுப்பக அம்மையாருக்கும், விதியை விட்டுக்கொடுக்காத ரயில் அதிகாரிக்கும்கூட நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ஏனைய நன்றி யாருக்கென்று சொல்லத் தேவையில்லை.

லண்டனுக்குத் திரும்பும் ரயில், மாலையில், கடலுக்கு அடியால். அதற்கும் உறை வேண்டும். எங்களிடம் இருந்தது ஒன்று. நிலையத்தில் வரிசை நகரத் தொடங்கியது. நான் கறுப்பு உறையைக் கழற்றி அவருடைய சைக்கிளுக்கு மாட்டினேன். பிறகு பையிலிருந்து பொன்னாடையை எடுத்து அக்காவின் சைக்கிளைச் சுற்றி, என் வேட்டியால் இறுகக் கட்டினேன்.

"டேய், உனக்குப் போர்த்தினதெல்லே! எண்ணெய் படப்போகுது."

"படட்டும்."

"அக்கா கண்டால் என்னைத்தான் பேசுவா."

பயணச்சீட்டுப் பரிசோதகர் தங்கக்கரையைத் தொட்டுப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, உள்ளே விட்டார். நான் நகரவில்லை. மூச்சை எடுக்கவேண்டிய இடத்தில் எடுத்தேன், கையை உயர்த்தவில்லை. நிலையத்தின் கூரைவரை கேட்கும் குரலில் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். "மெல்லச் சொல்லடா, ஆக்கள் பாக்கினம்" என்றார் அத்தான். நான் பாதியில் நிறுத்தவில்லை. இந்தப் பக்கங்களை எழுதவும் அவரிடம் கேட்டுத்தான் தொடங்கினேன்; "நீட்டாமல் எழுது" என்பதே அவர் தந்த அனுமதி. அன்று சொன்னதை, சாட்சியாக நிற்கும் உங்கள் முன் சொல் மாறாமல் வைக்கிறேன்:

"அத்தான், நீங்கள் என்னை நம்பி என்ர அறைக்குள்ளை வந்து சொன்ன ஒரு சொல்லையும், உங்களைக் கேளாமல், இனி எந்த மேடையிலையும் நான் சொல்லமாட்டன்."